மலையம்மாள் காதில் சொன்ன பெயர்கள்

சங்கிலிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று கீழக்குயில்குடி முடிவு கட்டி ரெண்டு வருஷம் ஆகிறது. ஊர் முடிவு கட்டிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் ஏது? டீக்கடையில் பேசினார்கள், குழாயடியில் பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் மலையடிவாரக் கருப்பசாமி கோயிலில் விபூதி வாங்கிவந்து அவர் நெற்றியில் பூசிக்கொண்டே பேசினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் பெண்டாட்டி மலையம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

அந்தப் பேர் அவருக்கு வந்தது வேறு எங்குமில்லை, பெற்ற மகன் பாண்டிராஜ் ஆனையூரில் கட்டிய புது வீட்டின் பால்காய்ப்பில்தான். அவர்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விசேஷமானாலும் பந்தி போடுவதற்கு முன்னால் மாமன் மச்சான்மாரை மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் துண்டு போட்டு மரியாதை செய்வார்கள். முதலில் தாய்மாமன், அப்புறம் அவருக்கு அடுத்த முறை, அப்புறம் அதற்கடுத்த முறை. யாருக்கு முன்னால் யார் என்பதில் நூலளவு பிசகினாலும் பந்தல் ரெண்டாகிவிடும். இதை எழுதிவைத்துப் படிக்கிற பேச்சே கிடையாது. எழுதிப் படித்தால் அவன் சொந்தக்காரன் இல்லை, கூலிக்கு வந்தவன் என்று சொல்லிவிடுவார்கள். கூப்பிடுகிற ஆள் பந்தலை ஒரு பார்வை பார்க்க வேண்டும், வந்திருப்பது யார் யார் என்று மனசுக்குள் வரிசை கட்ட வேண்டும், மைக்கைப் பிடிக்க வேண்டும். அவர்கள் வகையறாவில் அந்த வேலைக்குச் சங்கிலியை விட்டால் ஆளில்லை. எத்தனையோ கல்யாணம், எத்தனையோ காதுகுத்து, ஒரு பிசகு வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன், சொந்த மகன் வீட்டில், மைக்கைப் பிடித்து, "பேரையூர் மாடசாமி மகன் நல்லகாமன்... எங்கப்பா, மாப்ளையக் காணமே. வரலபோல. சரி, அடுத்து..." என்று போய்விட்டார். நல்லகாமன் மலையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பாண்டிராஜுக்குத் தாய்மாமன். முதல் துண்டுக்கு உரியவன். வெள்ளைச் சட்டையும் முறுக்கு மீசையுமாக முன்வரிசையில், மைக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

நல்லகாமன் எழுந்தான். "கண்ணு முன்னால கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், வரலன்னு சொல்றாரு மச்சான்" என்றான். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, இலையில் கை நனைக்காமல் பேரையூர் பஸ் ஏறிவிட்டான். தாய்மாமன் கை நனைக்காமல் போன வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? கோழிக்குழம்பு அம்புட்டும் மிஞ்சிப்போனது.

முதலில் கோபமாகத்தான் பேசினார்கள். பிறகு யாரோ, "கோவிச்சு என்ன செய்ய? அண்ணன் சுடலைக்கு வந்ததுதான் தம்பிக்கும் வந்திருக்கு" என்றார்கள். அதோடு கோபம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. கோபத்தையாவது தாங்கலாம், இந்தப் பரிதாபத்தைத்தான் மலையம்மாளால் தாங்க முடியவில்லை. சங்கிலியின் அண்ணன் சுடலை கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையைப் பார்த்து "யாருப்பா நீ" என்று கேட்டவர். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ரோட்டோரமாகவே நடந்து போய்விடுவார். தேடிக் கூட்டிவருவது சங்கிலிதான். தன் புருஷனும் ஒருநாள் தன்னைப் பார்த்து "யாரும்மா நீ" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள் மலையம்மாள்.

சங்கிலி வீட்டோடு ஒடுங்கிவிட்டார். டீக்கடைக்குப் போவதில்லை. பத்திரிகை வைக்க ஆள் வந்தால் கட்டிலில் படுத்துத் தூங்குகிற மாதிரிக் கிடப்பார். கத்தரிக்காய்த் தோட்டத்தை ஒரு பங்காளியிடம் விட்டாயிற்று. பீடிதான் ஒரே துணை, ஒன்று அணைந்தால் ஒன்று. பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், "மூளையே போகப்போகுது, பிரஷரு இருந்தா என்ன எறங்குனா என்ன" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். கூட்டும்போது தினமும் மாத்திரை கிடைக்கும். மலையம்மாள் அதைத் துடைத்துத் துடைத்து டப்பாவில் போட்டு வைப்பாள்.

சும்மா இருக்க முடியுமா அவளால்? புருஷன் மானத்தைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளியே கிளம்பினால் அவருக்கு ஒட்டினாற்போல் நடப்பாள். எதிரே ஆள் வந்தால் உதட்டை அசைக்காமல் அவர் காதுக்குள், "வாரது பெரியகருப்பன் மகன். பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிருக்கு, கேளுங்க" என்பாள். அவரும், "என்ன மாப்ள, புள்ள என்ன புள்ள?" என்று கேட்பார். வந்தவன் சந்தோஷமாகப் போவான். இவளுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். நாளாக ஆக, அவர் எதிரே வருகிறவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். காதை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்குள்ளும் அப்படியே ஆயிற்று. "இன்னைக்கு என்ன கெழம புள்ள" என்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவள் சொல்லிவிடுவாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தாள், பாவம்.

பாண்டிராஜ் ஒருநாள் வந்து, "மதுரையில பெரிய ஆஸ்பத்திரில மறதிக்குன்னே தனியாப் பாக்குறாங்களாம். நாளைக்கிக் கூட்டிட்டுப் போவோம்மா" என்றான். சங்கிலி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மலையம்மாளுக்கும் போக மனசில்லை. தெரியாமல் இருக்கிறவரை ஒரு நப்பாசை இருக்கிறது, டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். ஆனாலும் மகன் விடவில்லை. காரில் போகும்போது அவள் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். என்ன கேள்வி கேட்டாலும் சரி, இந்த மனுஷனை நான் பாஸாக்கிவிடுகிறேன்.

டாக்டர் பவதாரிணிக்குச் சின்ன வயசு. சிரித்த முகம், ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கிற கண்.

"அய்யா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கெழமம்மா" என்றாள் மலையம்மாள்.

"நான் அய்யாகிட்டல்ல கேட்டேன்."

"அவருக்குத் தெரியும்மா. பொம்பள டாக்டருன்னு கூச்சப்படுறாரு."

பாண்டிராஜ் அம்மாவின் முழங்கையை இடித்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, சங்கிலி கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு மிருகம் கோடு கோடாக வரைந்திருந்தது. "இது என்ன மிருகம்யா?"

சங்கிலி தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். வியர்த்தது. "மாடா?" என்றார்.

தாள் கைமாறும்போதே மலையம்மாள் பார்த்துவிட்டாள், அது ஒட்டகம். சொல்லவும் முடியாது. என்ன செய்வாள்? டாக்டர் முதுகுக்குப் பின்னால் மெல்ல எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, ஒரு கையை வளைத்து முதுகுத் திமில் மாதிரி வைத்துக்கொண்டு, ஒட்டகமாகவே ஆடி அசைந்து காட்டினாள். அறுபது வயசுப் பொம்பளை. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். சங்கிலி அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, "ஆடா?" என்றார்.

டாக்டருக்கு எதிரே கண்ணாடி போட்ட அலமாரி இருந்ததை அவள் யோசிக்கவில்லை. அதில் ஒட்டகம் முழுசாகத் தெரிந்தது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். மலையம்மாள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று அவள் பயந்தாள். டாக்டரோ, "அம்மா, அப்பிடியே நில்லுங்க. கழுத்த நீட்டுங்க" என்றார். பிறகு சங்கிலியிடம், "அய்யா, உங்க வீட்டம்மா என்ன செய்யிறாங்க?" என்று கேட்டார்.

சங்கிலி கண்ணைச் சுருக்கினார். "நிக்கிறா."

"நின்னுக்கிட்டு?"

"நிக்கிறாம்மா. வேற என்ன? சேலை மஞ்சளுன்னு நெனைக்கேன்."

பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ரெண்டு எட்டுத் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"சரி, நீங்க வெளிய போயி உக்காருங்கம்மா" என்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டார். மலையம்மாள் உட்காரவில்லை. கதவிலேயே காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். உள்ளே டாக்டர் அஞ்சு வார்த்தை சொன்னார். கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டார். சங்கிலி நாலு சொல்லி, கொஞ்சம் திணறி, அஞ்சாவதையும் சொன்னார். கழித்தல் கணக்குக் கேட்டார், மெதுவாகச் சொன்னார். அப்புறம், "ஒரு நிமிஷத்துல எம்புட்டுப் பேரு சொல்ல முடியுமோ சொல்லுங்கய்யா, ஆளுங்க பேரு" என்றார்.

"என்ன முறையில சொல்லட்டும்? மாமன் முறையா, பங்காளி முறையா?"

டாக்டர் சிரிப்பது கேட்டது. "உங்க இஷ்டம்."

"அப்ப பேரையூர்லருந்து தொடங்குறேன்" என்றார் சங்கிலி. ரெண்டு வருஷமாக அவள் கேட்காத குரல் அது, மைக்குப் பிடிக்கிற குரல். அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் "போதும்யா, நிமிஷம் முடிஞ்சிருச்சு" என்று சொன்ன பிறகும், "இன்னும் மருமகன்மாருக்கே வரலையேம்மா" என்றார். கதவுக்கு வெளியே மலையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கூப்பிட்டார்கள். டாக்டர் கையில் டார்ச் இருந்தது. "காதால கேட்டுச் சொன்னதுல பெரிய குறை ஒண்ணும் இல்ல. கண்ணால பாத்துச் சொன்னது அம்புட்டும் தப்பு. இங்க வந்து பாருங்க" என்று சங்கிலியின் கண்ணில் வெளிச்சம் அடித்தார். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் பால் படிந்தது மாதிரி வெளுத்துக் கிடந்தது, ரெண்டு கண்ணிலும். "புரை முத்திப்போச்சு. மொகம் மட்டுமில்ல, எதுவுமே இவருக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. வேன் வச்சுக் கண்ணு கேம்ப் ஊருக்கே வருமே, காட்டலையா?"

"வரும்மா" என்றான் பாண்டிராஜ். "முந்தியெல்லாம் ஊர்ல உள்ளவுகள இவருதான் ஏத்திவிடுவாரு. இவரு ஏற மாட்டாரு."

"எனக்கு மலை தெரியுதுல்ல?" என்றார் சங்கிலி. "சமணர் மலை முழுசாத் தெரியுது. அப்புறம் கண்ணுல என்ன கொறைன்னு இருந்துட்டேன்."

"அம்புட்டுப் பெரிய மலை யாருக்குத்தான்யா தெரியாது!" என்றாள் மலையம்மாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

டாக்டர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. "அண்ணனுக்கு வந்தா தம்பிக்கும் வந்தே தீரும்னு இல்ல. வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ணவும் முடியாது. ஆனா கண்ணு மங்குனா ஆளு ஒதுங்குறாரு, ஒதுங்குனா பேச்சு கொறையுது, பேச்சு கொறைஞ்சா மூளைக்கு வேலையில்லாமப் போகுது. போதாததுக்குப் பிரஷரு இம்புட்டு ஏறிக் கெடக்கு. அதுவும் மூளைக்குப் போற ரத்தக்கொழாயத்தான் கெடுக்கும். பீடி வேற. ரத்தமும் சோதிச்சுப் பாப்போம். நம்ம கையில இருக்கிறத விட்டுட்டுத் தலையெழுத்துன்னு சொல்லக் கூடாதுல்லய்யா?" என்றார். அப்புறம் மலையம்மாளைப் பார்த்து, "நீங்க ஒரு ஒதவி செய்யணும். எடுத்துக் குடுக்கிறத நிறுத்தணும்."

"பேரு தெரியாம முழிப்பாரேம்மா!"

"முழிக்கட்டும். அவரு யோசிக்கணும். கட்டுப் போட்ட கை மெலிஞ்சுதான் போகும். நீங்க பாசத்துல அவரு மூளைக்குக் கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க."

ஒட்டகமாக நின்றபோது வராத வெட்கம் அவளுக்கு அப்போது வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், பாண்டிராஜ் காரை எடுத்துவரப் போயிருந்தபோது, சங்கிலி அவள் கையைப் பிடித்தார். வெளியிடத்தில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருச்சுன்னு நெனச்சேன் புள்ள. மொகமெல்லாம் அழிஞ்சு அழிஞ்சு தெரிஞ்சுச்சா, மறதின்னா இப்பிடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். யார்ட்டப் போயிக் கேக்குறது? சொன்னா நீ அழுவ. ஓம் மொகம் அழியறதுக்குள்ள நான் போயிச் சேந்துரணும்னு தெனமும் கருப்பனக் கும்பிட்டேன்."

"யோவ்!" என்றாள் அவள். "மாத்திரையக் கட்டிலுக்கு அடியில போட்டது அதுக்குத்தானா? இருய்யா, வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிடித்த கையை விடாமல் நின்றாள்.

ஒரு கண் முதலில் ஆபரேஷன் செய்தார்கள், கொஞ்சநாள் கழித்து அடுத்த கண். சின்ன வேலைதான், ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த மனுஷன் பண்ணிய அலப்பறை இருக்கிறதே! சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்றார், சோணையம்மாளுக்கு மீசை முளைத்திருக்கிறது என்றார். மலையம்மாளை மட்டும் உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். "என்ன அப்பிடிப் பாக்குறீக? கெழவியாயிட்டேனா?" என்றாள். "நீ எப்பத்தான் கொமரியா இருந்த?" என்றார். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் வந்த முதல் கிண்டல் அது.

கண் வந்துவிட்டது, ஆனால் ஆள் முழுசாக வரவில்லை. ரெண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் உடனே புழங்க முடியுமா? பேரை யோசிப்பார், சிக்காது. முன்போல் காதைச் சாய்ப்பார். அப்போது சும்மா இருப்பதுதான் மலையம்மாளுக்குப் பெரும்பாடு. காலையில் மலையடிவாரத் தாமரைக் குளத்தைச் சுற்றி ரெண்டு பேரும் நடப்பார்கள். எதிரே ஆள் வரும். பேர் இவள் நாக்கு நுனியில் துடிக்கும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குளத்தைப் பார்ப்பாள். சில நாள் ஆள் தாண்டிப் போன பிறகுதான் அவருக்குப் பேர் வரும், "ஏ, நில்லுப்பா!" என்று திரும்பி நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார். ஒரு தடவை ஒருவனை அவன் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அவன், "அவன் துபாய்ல இருக்கான் சித்தப்பா, நான் எளையவன்" என்று சிரித்தான். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கே தோன்றியது. பீடி ஒரேயடியாக நிற்கவில்லை, திருட்டுத்தனமாக ஒன்றிரண்டு ஓடுகிறது. மாத்திரை மட்டும் அவள் கண் முன்னால்தான் உள்ளே போகும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். தோட்டத்தைத் திரும்ப வாங்கினார். டீக்கடைக்கும் போனார்.

பாண்டிராஜ் மகனுக்குக் காதுகுத்து வந்தது. பேரையூர் போகிற வழியில் பொட்டல் நடுவே இருக்கிற குலசாமி கோயிலில் பந்தல். சங்கிலி, தானே போய்ப் பத்திரிகை வைக்கிறேன் என்று மலையம்மாளைக் கூட்டிக்கொண்டு பேரையூருக்குப் பஸ் ஏறினார்.

நல்லகாமன் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தான். மச்சானைப் பார்க்கவில்லை.

"மாப்ள, அன்னைக்கு ஒன்னைய நான் மறக்கல" என்றார் சங்கிலி. "நீ இருந்தது எனக்குக் கண்ணு தெரியல. அம்புட்டுத்தான்."

"கண்ணு தெரியாத ஆளு மைக்க ஏன் புடிச்சீக?"

"தெரியலங்கிறதே எனக்குத் தெரியாதே மாப்ள."

நல்லகாமன் மீசைக்குள் ஏதோ அசைந்தது. ஆனாலும், "பாப்போம்" என்று மட்டும் சொன்னான்.

காதுகுத்து அன்று பாண்டிராஜ் அம்மாவைத் தனியே இழுத்துப் போனான். "மைக்குக்கு நான் வேற ஆளு சொல்லியிருக்கேம்மா. அப்பா சும்மா உக்காந்திருக்கட்டும். இன்னொரு தடவை பிசகிட்டா அவரு தாங்க மாட்டாரு. மறுபடி கட்டில்ல படுத்தார்னா எந்திரிக்கவே மாட்டாரு."

அவன் சொன்னது நியாயம்தான். அந்தப் பயம் அவளுக்கு இல்லையா என்ன? கோயில் வாசலில் சங்கிலி புதுச் சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டு, மைக் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்க மாட்டார், மானக்காரர். அவளுக்கு மனசு பொறுக்கவில்லை.

"உங்கப்பாதான் கூப்புடணும்" என்றாள். "பிசகுனா பிசகட்டும். ஊரு சிரிச்சா நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் மைக்கைப் பிடித்ததும் இவளுக்குக் கால் நிற்கவில்லை. மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள். சங்கிலி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "நீ அங்கிட்டுப் போ புள்ள" என்றார். போய்ப் பெண்கள் பக்கம் நின்றாள். பந்தல் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பந்தலை ஒருதரம் பார்த்தார். மருமகள் சரண்யாதேவியின் அண்ணன், குழந்தைக்குத் தாய்மாமன், முதல் துண்டு அவனுக்கு. சரி. அப்புறம், "பேரையூர் மாடசாமி மகன் நல்லகாமன்" என்றார். முன்வரிசையில் ஆளில்லை. மலையம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள். தம்பி வரவில்லையா? வராதவன் பேரைக் கூப்பிட்டுவிட்டாரா?

"எல்லாருக்கும் பின்னால, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, தலையக் குனிஞ்சு செல்போன் பாக்குற மாதிரி நடிக்கிற நல்லகாமன் மாப்ள" என்றார் சங்கிலி மைக்கில். "தெரியுது மாப்ள. மீசைக்கு மை அடிச்சிருக்கிறது வரைக்கும் தெரியுது. எந்திரிச்சு வா."

பந்தல் சிரித்துக் குலுங்கியது. நல்லகாமன் எழுந்து வந்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், துண்டு விழுந்த தோளோடு மச்சானைக் கட்டிக்கொண்டான். "கை நனைச்சுட்டுத்தான் போவேன் மச்சான்" என்றான்.

அதற்கப்புறம் வரிசை ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் நின்றுபோனார். எதிரே எழுந்து நின்றவனைப் பார்த்து, "இந்தா, ஓம் பேரு மறந்துபோச்சுய்யா, நீயே சொல்லிரு" என்றார் மைக்கிலேயே. அவன் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், வேலை நடந்தது. மலையம்மாள் கம்பை விட்டாள். பேரையூர் முடிந்தது, பெரியப்பன் மக்களும் முடிந்தார்கள், சம்பந்தி வகையும் முடிந்தது. பந்திக்குப் பாய் விரிக்கத் தொடங்கினார்கள்.

சங்கிலி மைக்கை வைக்கவில்லை. "பேரையூர்..." என்றார் மறுபடியும்.

மலையம்மாள் விரல்விட்டு நினைத்துப் பார்த்தாள். பேரையூரில் இனிக் கூப்பிட ஆளில்லை. ஒருத்தர் பாக்கியில்லை. முடிந்ததை மறந்துவிட்டார். ஓடிப்போய்க் காதில் சொல்லலாமா? கால் ஒரு எட்டு வைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாய் விரித்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பேரையூர் மாடசாமி மகள் மலையம்மாள்" என்றார் சங்கிலி. "மேடைக்கு வரணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் பேரைச் சொன்னதில்லை. அந்த வகையறாவில் எந்தப் பொம்பளை பேரும் மைக்கில் ஏறியதில்லை, துண்டு ஆம்பளைத் தோளுக்குத்தான். சோணையம்மாள் வாயில் கை வைத்தாள். "ஆத்தாடி, பொம்பளைய எங்கயாச்சும் கூப்புடுவாகளா? மறுபடியும் புத்தி தடுமாறிருச்சுபோலயே" என்று அவள் சொன்னது பந்தலுக்கே கேட்டது.

"தடுமாறல சோணையம்மா" என்றார் சங்கிலி. "மறந்தும் கூப்புடல. வேணும்னேதான் கூப்புடுறேன்."

மலையம்மாள் நின்ற இடத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தம்பி வந்து கையைப் பிடித்தான்.

"வா புள்ள" என்றார் அவர், மைக்கை மூட மறந்துவிட்டு. "எம்புட்டு நேரம் துண்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"